புல்வார்டியே: விஸ்கி எது, அளவு எது, வெர்மூத் எது?

புல்வார்டியே என்ற காக்டெய்லுக்கு வேண்டியவை விஸ்கி, கம்பாரி என்ற சிவப்புக் கசப்பு மது, தித்திப்பு வெர்மூத் என்ற மூலிகை ஒயின். சரக்கு மூன்றுதான். எலுமிச்சை பிழிய வேண்டாம், சர்க்கரைப் பாகு காய்ச்ச வேண்டாம், ஷேக்கர் வைத்துக் குலுக்கவும் வேண்டாம். வீட்டில் கலப்பதற்கு இதைவிட எளிய காக்டெய்ல் அதிகம் இல்லை. அப்படியிருந்தும் முதல்முறை கலந்தவர்கள் பலரும் "இருமல் மருந்து மாதிரி இருக்கிறது" என்று கோப்பையை ஓரமாக வைத்துவிடுகிறார்கள். பழி பெரும்பாலும் கம்பாரி மேல் விழும். உண்மையில் தவறு விஸ்கியின் அளவிலோ, திறந்து மூன்று மாதமாக அலமாரியில் நிற்கும் வெர்மூத்திலோதான் இருக்கும்.

இந்தக் காக்டெய்ல் 1920களின் பாரிஸைச் சேர்ந்தது. அமெரிக்காவில் மதுவிலக்கு நடந்த காலம் (1920 முதல் 1933 வரை) என்பதால், குடிக்கவும் எழுதவும் பாரிஸுக்கு வந்து சேர்ந்த அமெரிக்கர்கள் ஏராளம். அவர்களில் ஒருவரான எர்ஸ்கின் க்வின், 'புல்வார்டியே' என்ற பெயரில் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றை அங்கே நடத்தினார். ரூ தோனு தெருவில் பார் வைத்திருந்த ஹாரி மக்எல்ஹோன் 1927இல் வெளியிட்ட காக்டெய்ல் நூலில், க்வினின் கலவையாக இது இடம்பெற்றிருக்கிறது. பர்பன் என்ற அமெரிக்க விஸ்கி, கம்பாரி, இத்தாலிய வெர்மூத் மூன்றும் சமபங்கு என்பதுதான் அதில் உள்ள அளவு. இன்று பார்டெண்டர்களில் பெரும்பாலோர் அந்த அளவில் கலப்பதில்லை. ஏன் என்று புரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் தாமாக வந்து விழும்.

அளவு: சமபங்கா, ஒன்றரையா, இரண்டா?

ஜின்னை வைத்துச் செய்யும் நெக்ரோனி சமபங்கில் நிற்கும். ஜின்னுக்கு இனிப்பு கிடையாது. ஜூனிப்பர் காயின் கூர்மையான வாசம் கம்பாரியையும் வெர்மூத்தையும் அறுத்துக்கொண்டு மேலே வரும். விஸ்கியின் குணம் வேறு. பீப்பாயிலிருந்து வந்த வனிலா, கருகிய சர்க்கரை, மரம் ஆகிய மணங்களெல்லாம் வெர்மூத் போகிற திசையிலேயே போகின்றன. ஒரே திசையில் போவது எதிர்த்து நிற்காது. அதனால் சமபங்கில் விஸ்கி அமுங்கிப்போய், கசப்பும் தித்திப்பும் மட்டும் நாக்கில் தங்கும்.

கணக்கிலும் இது தெரியும். கம்பாரியில் 100 மில்லிக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரை. தித்திப்பு வெர்மூத்தில் சுமார் 16 கிராம். விஸ்கியில் இல்லவே இல்லை. ஆகவே இரண்டையும் 30 மில்லி ஊற்றினால் கோப்பையில் 12 கிராம் சர்க்கரை சேர்ந்துவிடுகிறது. அதை எவ்வளவு விஸ்கியில் பரப்புகிறோம் என்பதுதான் கேள்வி.

சமபங்கு என்றால் 30, 30, 30. நம் ஊர் வழக்கில் மூன்று ஸ்மால். 45% விஸ்கி, 25% கம்பாரி, 16% வெர்மூத் என்று வைத்துக்கொண்டால், ஐஸ் படுவதற்கு முன் கலவையின் ஆல்கஹால் 28.7% வரும். 90 மில்லியில் அந்த 12 கிராம் சர்க்கரை இருக்கும். உணவுக்கு முன் நிறைய ஐஸ் போட்டு மெதுவாகக் குடிக்க ஏற்றது. கம்பாரியை நேசிப்பவர்களுக்கானது என்று சொல்லிவிடலாம்.

ஒன்றரைப் பங்கு என்றால் 45, 30, 30. சர்வதேச பார்டெண்டர் சங்கத்தின் பட்டியலில் இருப்பதும் இந்த அளவுதான். ஆல்கஹால் 31% ஆக ஏறும், அதே 12 கிராம் சர்க்கரை 105 மில்லியில் பரவும். விஸ்கி முதலில் தெரியும், நடுவில் வெர்மூத், விழுங்கிய பிறகு கம்பாரியின் கசப்பு. மூன்றும் வரிசையாக வருகின்றன என்பதுதான் இந்த அளவின் சிறப்பு. முதல்முறை கலப்பவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

இரண்டு பங்கு என்பது ஒரு லார்ஜ் விஸ்கிக்கு ஒரு ஸ்மால் கம்பாரி, ஒரு ஸ்மால் வெர்மூத். இது வேறு பானமாகவே மாறத் தொடங்கிவிடும்: கம்பாரி போட்ட மன்ஹாட்டன் (விஸ்கியும் தித்திப்பு வெர்மூத்தும் சேர்ந்த காக்டெய்ல்) என்று வைத்துக்கொள்ளுங்கள். விஸ்கிப் பிரியர்களுக்குப் பிடிக்கும். ஆனால் 120 மில்லி கலவையில் ஐஸ் தண்ணீரும் சேர்ந்தால் 170 மில்லி ஆகிவிடும்; பாதிக் கோப்பை தாண்டும்போதே சூடேறிவிடும். இந்த விகிதம் வேண்டுமென்றால் 45, 22.5, 22.5 என்று குறைத்துக்கொள்வது நல்லது. அளக்கும் ஜிக்கரில் 22.5 கோடு இல்லாவிட்டால், 15 மில்லி டேபிள்ஸ்பூனில் ஒன்றரை.

எங்கள் தேர்வு 45, 30, 30தான். ஆனால் ஒரு நிபந்தனையுடன்: விஸ்கி 45 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. 40% விஸ்கியை இந்த அளவில் ஊற்றினால் கலவை 28.9 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. 45% விஸ்கியைச் சமபங்கில் ஊற்றியதற்கும் இதற்கும் வலிமையில் வேறுபாடே இல்லை. விகிதத்தை மாற்றிக் கிடைத்த வலிமையை விஸ்கி தின்றுவிட்டது. 50% விஸ்கி என்றால் 33.1%. பாட்டிலின் சதவீதமும் கலக்கும் விகிதமும் ஒரே முடிவின் இரண்டு பாதிகள். அதனால் 40% பாட்டில்தான் வீட்டில் இருக்கிறதென்றால் 55 மில்லி வரை போகலாம்; 50% பாட்டில் இருந்தால் 45 தாராளம், 40கூடப் போதும்.

விஸ்கி: பர்பனா, ரையா, மற்றவையா?

பர்பனில் குறைந்தது 51% மக்காச்சோளம் இருக்க வேண்டும், உள்ளே கரித்த புது ஓக் பீப்பாயில் முதிர வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். சோளம் மென்மையையும், புது மரம் வனிலாவையும் தருகின்றன. ரை விஸ்கியில் குறைந்தது 51% ரை தானியம். மிளகு, கிராம்பு போன்ற காரமும் ஒரு வறட்சியும் அதில் இருக்கும். 1927இன் அளவு பர்பனைத்தான் கேட்கிறது. ஆனால் சமையல்காரரின் கண்ணோடு பார்த்தால், ஏற்கெனவே 12 கிராம் சர்க்கரை இருக்கும் கோப்பைக்கு வறண்ட ரை பொருத்தமானது.

இதில் சண்டை தேவையில்லை. பர்பன் போட்டால் பானம் வட்டமாக, கொழுமையாக இருக்கும்; கம்பாரியின் கசப்பு சற்றுப் பின்வாங்கும். ரை போட்டால் விளிம்புகள் தெரியும். கசப்பும் காரமும் சேர்ந்து பானத்தை நறுக்கென்று ஆக்கும். கம்பாரிக்குப் பழகாத விருந்தாளிக்குப் பர்பன். நெக்ரோனி குடித்துப் பழகியவருக்கு ரை. இரண்டுக்கும் நடுவே நிற்கும் பாட்டில்களும் உண்டு: ரை அதிகம் சேர்த்த பர்பன்கள். ஓல்டு கிராண்ட்டாட் பாண்டட் (50%), ஃபோர் ரோசஸ் சிங்கிள் பேரல் (50%) இரண்டும் அந்த வகை. வைல்டு டர்க்கி 101 (50.5%) இந்தப் பானத்துக்கு நம்பிக்கையான பாட்டில், 2009இலிருந்து அந்த நிறுவனம் கம்பாரி குழுமத்தின் கையில் இருப்பது தற்செயல்தான், ஆனால் பொருத்தமான தற்செயல். ரையில் ரிட்டன்ஹவுஸ் (50%) முதல் இடம். புல்லிட் ரை (45%) எளிதில் கிடைக்கும்.

ரைக்குப் பதில் கோதுமை சேர்க்கும் மேக்கர்ஸ் மார்க் (45%) தனியாகக் குடிக்க இனிமையானது. இந்தக் கலவையில் அந்த இனிமையே பாரமாகிறது. மேலே போடும் ஆரஞ்சுத் தோலுக்குப் பதில் எலுமிச்சைத் தோல் போட்டால் தப்பிக்கலாம். ஜிம் பீம் வெள்ளை லேபிள் (40%) மலிவு, ஆனால் மேலே சொன்ன கணக்குப்படி 55 மில்லி ஊற்ற வேண்டியிருக்கும்.

விலையுயர்ந்த 12, 15 வருட பர்பனை இதில் ஊற்ற வேண்டாம். சிக்கனத்துக்காகச் சொல்வதல்ல. நீண்ட காலம் புது ஓக்கில் கிடந்த விஸ்கியில் மரத்தின் துவர்ப்பு ஏறியிருக்கும். கம்பாரியின் கசப்போடு அது சேரும்போது வாய் வறண்டு, நெல்லிக்காய் கடித்ததுபோல் ஆகிவிடும். பின்வரும் இனிப்பு மட்டும் வராது. நான்கு முதல் ஏழெட்டு வருட விஸ்கிதான் இங்கே சரி.

அமெரிக்க விஸ்கி கிடைக்காதவர்கள் என்ன செய்வது? இந்தியாவில் 42.8% என்று அச்சிட்டு வரும் பிரபலமான பாட்டில்களில் பல, கரும்பு மொலாசஸிலிருந்து எடுத்த நடுநிலைச் சாராயத்தில் கொஞ்சம் மால்ட்டைக் கலந்தவை. சோடாவுக்கு அவை போதும். கம்பாரிக்கு எதிரே அவற்றுக்கு உடம்பு இல்லை. 60 மில்லி ஊற்றினாலும் சாராயம் கூடுமே தவிர விஸ்கி மணம் கூடாது. இந்திய சிங்கிள் மால்ட் வேறு கதை. பர்பனுக்கு ஒவ்வொரு முறையும் புதுப் பீப்பாய் வேண்டும் என்பதால், காலியான அமெரிக்கப் பீப்பாய்கள் ஸ்காட்லாந்துக்கும் கோவாவுக்கும் பெங்களூருக்கும் வந்து சேர்கின்றன. அப்படிப்பட்ட பீப்பாயில் முதிரும் கோவாவின் பால் ஜான் பிரில்லியன்ஸ் (46%) பர்பனுக்கு மாற்றாக நன்றாகவே நிற்கும். பார்லி என்பதால் ரையின் காரம் இருக்காது. ஆங்கோஸ்டுரா பிட்டர்ஸ் என்ற கசப்பு மூலிகைச் சாறு இரண்டு சொட்டு விட்டு அதைச் சரிக்கட்டலாம். புகை மணம் உள்ள மால்ட்டை முழு அளவு ஊற்றினால் புகையும் கசப்பும் ஒன்றையொன்று தூக்கிவிட்டு, மீதி எல்லாம் மறைந்துவிடும். ஆசையாக இருந்தால் 45இல் 10 மில்லி மட்டும்.

வெர்மூத்: பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம்

வெர்மூத் ஒயின். மூலிகை ஊறிய, கொஞ்சம் சாராயம் சேர்த்து வலுவேற்றிய ஒயின். ஐரோப்பிய விதிப்படி அதில் நான்கில் மூன்று பங்காவது ஒயின் இருக்க வேண்டும். விஸ்கி பாட்டிலுக்குப் பக்கத்தில் வருடக்கணக்காக அதை நிறுத்திவைப்பது, திறந்த ஒயினை அப்படி வைப்பதற்குச் சமம். காற்றுப்பட்டு முதலில் பழமணம் போகும், பிறகு நிறம் பழுப்பாகும், கடைசியில் அடிபட்ட ஆப்பிள் வாடையும் புளிப்பும் வரும். தித்திப்பு மட்டும் குறையாது. மணம் போய்த் தித்திப்பு மிஞ்சிய வெர்மூத்தைக் கம்பாரியோடு சேர்த்தால் கிடைப்பதுதான் அந்த இருமல் மருந்து.

எனவே எந்த பிராண்டு என்பதற்கு முன், திறந்தது எப்போது என்று கேட்க வேண்டும். திறந்த அன்றே ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒரு மாதம் நன்றாக இருக்கும், இரண்டு மாதம் ஒப்பேறும். வீட்டுக்குள்ளேயே 32 டிகிரி இருக்கும் ஊர்களில் வெளியே ஒரு வாரம் நின்றாலே வேறுபாடு தெரியும். 375 மில்லி பாட்டில் கிடைத்தால் அதையே வாங்குங்கள். பெரிய பாட்டில்தான் கிடைக்கிறதென்றால், வாங்கிய அன்றே பாதியைச் சுத்தமான சிறிய பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி மூடிவிடுங்கள். உள்ளே காற்று இல்லாவிட்டால் கெடும் வேகம் குறையும். பாட்டிலில் தேதி எழுதிய ஒரு ஒட்டுத்தாள், விலையுயர்ந்த பிராண்டைவிட அதிகம் உதவும்.

அடுத்ததுதான் பிராண்டு. இத்தாலியின் டூரின் பாணியில் செய்யும் கொக்கி ஸ்டோரிகோ (16%) கோகோ, ஆரஞ்சு, லேசான கசப்பு எல்லாம் அளவாக உள்ளது. பர்பனோ ரையோ, இரண்டோடும் ஒத்துப்போகும். ஒரே ஒரு பாட்டில் வாங்குவதென்றால் இதுதான். கார்பானோ அன்டிகா ஃபார்முலா (16.5%) புகழ்பெற்றது, கனமானது, வனிலா தூக்கலானது. ரையோடு சேர்த்தால் அற்புதம். பர்பனோடு சேர்த்தால் வனிலாவுக்கு மேல் வனிலா ஏறி, பானம் பாயசப் பக்கம் போய்விடும். விலை அதிகம் என்பதாலேயே எல்லாவற்றுக்கும் இதையே பரிந்துரைப்பவர்கள் உண்டு. அவர்களை நம்ப வேண்டாம்.

மார்ட்டினி ரோஸ்ஸோ, சின்சானோ ரோஸ்ஸோ இரண்டும் மெலிதானவை, மலிவானவை, எங்கும் கிடைப்பவை. புதிதாகத் திறந்த மார்ட்டினி, பழசாகிப்போன கார்பானோவைவிட எவ்வளவோ மேல். பிரான்ஸின் ஷாம்பெரியிலிருந்து வரும் டோலான் ரூஜ் (16%) இன்னும் மெல்லியது. சமபங்கில் அழகாக இருக்கும், இரண்டு பங்கு விஸ்கிக்கு எதிரே காணாமல் போய்விடும்.

புன்ட் எ மெஸ் (16%) தனி ரகம். வெர்மூத்தானாலும் அதற்கே கசப்பு அதிகம். அதை 30 மில்லி ஊற்றிக் கம்பாரியையும் 30 ஊற்றினால் கசப்பு எல்லை தாண்டும். கம்பாரியை 20க்குக் குறைத்து, விஸ்கி 45, புன்ட் எ மெஸ் 30 என்று கலந்து பாருங்கள். கசப்புப் பிரியர்களுக்கு இந்தக் கட்டுரையில் உள்ள அளவுகளிலேயே இதுதான் மிகவும் பிடிக்கக்கூடும். சர்க்கரையும் சுமார் இரண்டரை கிராம் குறைகிறது.

கம்பாரியை மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் தேவை குறைவு. 1860இல் காஸ்பாரே கம்பாரி தொடங்கிய இந்தப் பானத்தின் கசப்பைச் சுற்றித்தான் மொத்தக் கலவையும் கட்டப்பட்டிருக்கிறது. ஒன்று கவனியுங்கள்: அதன் ஆல்கஹால் அளவு நாட்டுக்கு நாடு மாறும், 20.5இலிருந்து 28.5% வரை பாட்டில்கள் உண்டு. வேறு நாட்டு விமான நிலையத்தில் வாங்கிய பாட்டில் சற்று வேறுவிதமாக நடந்துகொண்டால் அதுவும் காரணமாக இருக்கலாம்.

அப்பரோல் (11%) கம்பாரியின் இடத்தில் நிற்காது. கசப்பு பாதிகூட இல்லை, தித்திப்பு குறையவும் இல்லை. விஸ்கியோடு சேர்த்தால் ஆரஞ்சு மிட்டாய்தான். கசப்புக்குப் பயப்படும் விருந்தாளிக்கு வேண்டுமானால் கம்பாரி 20, அப்பரோல் 10 என்று பிரிக்கலாம். லக்ஸார்டோ பிட்டர் (25%) கம்பாரிக்கு நெருங்கிய உறவு, சற்று மென்மை. சுவிட்சர்லாந்தின் கிரான் கிளாசிகோ (28%) மூலிகையும் தேனும் கலந்த மணம் உள்ளது. பர்பனோடு நன்றாகப் போகும், ஆனால் சிவப்பு நிறம் கிடைக்காது. கூனைப்பூ இலையிலிருந்து வரும் சினார் (16.5%) ரையோடு சேர்ந்தால் மண்வாசமும் கருமையும் உள்ள வேறொரு பானம்.

கலக்குவது: இங்கே ஐஸும் ஒரு சரக்கு

கலக்கி முடிக்கும்போது ஏறக்குறைய நாற்பது சதவீதத் தண்ணீர் சேர்ந்திருக்க வேண்டும். 105 மில்லி உள்ளே போனால் 145 முதல் 150 மில்லி வெளியே வர வேண்டும். இதைச் சோதிக்க எளிய வழி, வடித்ததை ஒருமுறை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்ப்பது. ஒருமுறை பார்த்துவிட்டால் உங்கள் ஐஸுக்கு எத்தனை வினாடி என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அளக்க வேண்டாம்.

கோப்பையை முதலில் ஃப்ரீசரில் வையுங்கள். கலக்கும் கண்ணாடிக் குவளையையும் பத்து நிமிடம் குளிர வைத்தால் நல்லது. சூடான தடித்த கண்ணாடி, ஐஸின் குளிர்ச்சியைத் தானே உறிஞ்சிக்கொண்டு வீண் தண்ணீரைத் தரும். விஸ்கி, கம்பாரி, வெர்மூத்தை ஊற்றிய பிறகு, குவளையில் முக்கால் அளவுக்கு ஐஸ். வீட்டுத் தட்டு ஐஸ் சிறியது, பரப்பு அதிகம் என்பதால் 20 முதல் 25 வினாடி. பெரிய கட்டிகள் என்றால் 35 வரை. கரண்டியின் முதுகு குவளைச் சுவரை ஒட்டிச் சுற்ற வேண்டும். ஐஸ் மொத்தமாகச் சுழல வேண்டும், ஒன்றோடொன்று மோதி உடையக் கூடாது.

ஈரமான ஐஸ்தான் முதல் எதிரி. வெளியே பத்து நிமிடம் நின்று தண்ணீர் சொட்டும் ஐஸை அப்படியே போட்டால், பானம் குளிர்வதற்கு முன்பே தண்ணீராகிவிடும். வடிகட்டி உதறிவிட்டுப் போடுங்கள். இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது: ஃப்ரீசரிலிருந்து நேரே எடுத்த வெடவெடக்கும் ஐஸில் பத்தே வினாடி கலக்கி ஊற்றிவிடுவார்கள். குளிர்ச்சி இருக்கும், தண்ணீர் சேர்ந்திருக்காது. சாராயம் மூக்கில் ஏறும், கசப்பு கட்டியாக நிற்கும். "கசக்கிறது" என்று வரும் புகாரில் பாதிக்கு மருந்து இன்னும் பத்து வினாடி கலக்குவதுதான்.

குலுக்கினால் என்ன? காற்றுக் குமிழ் நிறைந்து பானம் கலங்கி, மேலே இளஞ்சிவப்பு நுரை நிற்கும். கெட்டுப்போகாது. ஆனால் வாயில் பட்டுப்போல் வழிய வேண்டியது சலசலவென்று ஆகிவிடும்.

காலுள்ள கோப்பையில் ஐஸ் இல்லாமலா, குட்டைக் கிளாஸில் ஐஸோடா? ரையும் குறைந்த அளவும் என்றால் காலுள்ள கோப்பை. 150 மில்லி கோப்பை விளிம்புவரை வந்துவிடும் என்பதால் 40, 25, 25 என்று சுருக்கிக்கொள்ளுங்கள். பர்பன் என்றால், அல்லது சமபங்கு என்றால், குட்டைக் கிளாஸும் ஐந்து சென்டிமீட்டர் பெரிய ஐஸ் கட்டியும். ஐஸ் மேல் ஊற்றப்போகிறோம் என்றால் கலக்குவதைப் பதினைந்து வினாடியில் நிறுத்திவிடுங்கள், மீதித் தண்ணீர் கிளாஸில் சேரும். வெயில் ஊர்களில் இரண்டாவது வழிதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

மேலே ஆரஞ்சுத் தோல். காய் சீவும் பீலரால் இரண்டு விரல் அகலத்துக்கு, உள்ளே வெள்ளை ஒட்டாமல் சீவி, பானத்துக்கு மேல் பிடித்து, நிறமுள்ள பக்கம் கீழே பார்க்க மடித்து அழுத்தினால் எண்ணெய் தெறிக்கும். கமலா ஆரஞ்சின் தோல் மெல்லியது, தளர்ந்தது, பீலரில் கிழியும். தடித்த தோலுள்ள நேவல் ஆரஞ்சு வேண்டும். பர்பனுக்கு ஆரஞ்சு, ரைக்கு எலுமிச்சை என்பது பாதுகாப்பான தேர்வு. செர்ரி வேண்டாம், இருக்கும் சர்க்கரை போதும்.

சரியில்லை என்றால் எதைத் தொடுவது?

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், 5 மில்லி அளவில் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

கசப்பு அதிகம் என்றால் உடனே கம்பாரியைக் குறைக்காதீர்கள். முதலில் வெர்மூத்தை முகர்ந்து பாருங்கள். அது நன்றாக இருந்தால் உப்பை முயலுங்கள்: 20 கிராம் உப்பை 80 மில்லி தண்ணீரில் கரைத்த நீரில் இரண்டு மூன்று சொட்டு. உப்பு கரிக்காது, கசப்பின் முனை மட்டும் மழுங்கும். அதற்கும் மேல் கசந்தால்தான் கம்பாரி 25.

தித்திப்பு திகட்டுகிறது என்றால் விஸ்கியை 5 மில்லி கூட்டுங்கள், அல்லது ஆங்கோஸ்டுரா ஒரு சொட்டு, அல்லது தோலை எலுமிச்சைக்கு மாற்றுங்கள். எலுமிச்சைச் சாறு பிழிய வேண்டாம். அது வேறு குடும்பத்துக்குப் போய்விடும். இதெல்லாம் செய்தும் தித்திப்பாகவே தோன்றினால், உங்களுக்கு வேண்டியது இந்தப் பானமே அல்ல. தித்திப்பு வெர்மூத்துக்குப் பதில் வறண்ட வெள்ளை வெர்மூத்தை ஊற்றினால் அது 'ஓல்டு பால்': ரை, வறண்ட வெர்மூத், கம்பாரி, எலுமிச்சைத் தோல். வறண்ட வெர்மூத்தில் 100 மில்லிக்கு மூன்று கிராம் அளவுக்குத்தான் சர்க்கரை என்பதால், 12 கிராமாக இருந்தது எட்டுக்கு இறங்கும். கசப்பை மறைக்க எதுவும் இல்லாததால் முகத்தில் அறையும். முதல் கோப்பையாக யாருக்கும் தர வேண்டாம். கசப்பே பிடிக்காமல் விஸ்கியும் வெர்மூத்தும் மட்டும் பிடித்தவர்களுக்கு மன்ஹாட்டன்: ரை 60, தித்திப்பு வெர்மூத் 30, ஆங்கோஸ்டுரா இரண்டு சொட்டு. சர்க்கரை ஐந்து கிராம்கூட இல்லை.

தண்ணீராக இருக்கிறது என்றால் ஐஸ்தான். விஸ்கியைக் கூட்டி அதைச் சரிசெய்யப் பார்ப்பவர்கள் உண்டு. அப்போது பானம் தண்ணீராகவும் இருக்கும், போதையாகவும் இருக்கும். போதை என்றதும் ஒரு கணக்கு: 45, 30, 30 அளவில் ஒரு கோப்பை, 42.8% விஸ்கியில் 76 மில்லிக்குச் சமம். அதாவது இரண்டரை ஸ்மால். தித்திப்பும் குளிர்ச்சியும் அதைத் தெரியவிடாது என்பதால் விருந்தில் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

விருந்துக்கு முன்பே கலந்து வைப்பதாக இருந்தால், ஐந்து கோப்பைக்கு விஸ்கி 225, கம்பாரி 150, வெர்மூத் 150. இந்த 525 மில்லியையும் ஒரு பாட்டிலில் ஊற்றித் தண்ணீர் சேர்க்காமல் ஃப்ரீசரில் வையுங்கள். தண்ணீரும் சேர்த்து வைத்தால் ஆல்கஹால் 22 சதவீதத்துக்கு இறங்கி, வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18இல் சர்பத் ஐஸ் போலக் கட்டிவிடும். 31% கலவை திரவமாகவே இருக்கும். பரிமாறும்போது ஆளுக்கு 105 மில்லி, அதோடு ஃப்ரிட்ஜில் குளிர்ந்த தண்ணீர் 40 மில்லி, ஒருமுறை கலக்கி, தோலை மடித்து அழுத்தினால் போதும். பெரிய ஐஸ் கட்டி மேல் ஊற்றுவதாக இருந்தால் தண்ணீர் 25 மில்லி.